பழைய கைப்பேசி: மேலேற்றலாமா, கீழிறக்கலாமா, பூட்டைத் திறக்கலாமா?



உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி கிடக்கிறதா? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, பல வீடுகளில் அதுதான் வகுப்பறை. இப்போது அப்பா புதியது வாங்கிவிட்டார். பழையது படிவம் ஐந்து படிக்கும் பிள்ளையின் கைக்கு வந்திருக்கிறது. செயலியைப் பதிவிறக்கப் போனால், "உங்கள் கைப்பேசிக்குப் பொருந்தாது" என்று திரையில் வருகிறது. "ஃபிளாஷ் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்" என்று யாரோ ஒருவர் சொல்கிறார். "பூட்லோடரைத் திறந்துட்டா ஆண்ட்ராய்டு 14-கூட போடலாம்" என்று இன்னொருவர் வலையொளியில் காட்டுகிறார்.

செய்யலாமா? பதில் கைப்பேசியைப் பொறுத்தது மட்டுமல்ல. அதை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: வங்கிச் செயலி இருக்கும் கைப்பேசி வேறு, படிப்புக்கான கைப்பேசி வேறு. முன்னதில் சோதனை செய்யாதீர்கள். பின்னதில் செய்யலாம், ஆனால் முறையோடு.

1. முதலில் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குப் போங்கள். கைப்பேசியின் மாடல் எண், ஆண்ட்ராய்டு பதிப்பு எண், பாதுகாப்பு ஒட்டின் தேதி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஆண்ட்ராய்டு 5 வந்தது 2014-இல், 7 வந்தது 2016-இல், 9 வந்தது 2018-இல், 10 வந்தது 2019-இல். பதிப்பு எண்ணைப் பார்த்தாலே கைப்பேசியின் வயது ஓரளவு தெரிந்துவிடும்.

ஏன் இந்த எண் முக்கியம்? செயலிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. புலனம் 2023 அக்டோபர் 24 முதல் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழ் உள்ள கைப்பேசிகளைக் கைவிட்டது. இணையத்தளங்களிலும் இப்படி ஓர் எல்லை இருக்கிறது. ஒரு தளம் உண்மையானதுதானா என்று பார்க்க, கைப்பேசிக்குள் ஒரு சான்றிதழ்ப் பட்டியல் உண்டு. ஏராளமான தளங்கள் பயன்படுத்தும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனத்தின் மூலச் சான்றிதழ், ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய பட்டியல்களில் இல்லை. அதற்குச் செய்திருந்த தற்காலிக ஏற்பாடு 2024 செப்டம்பர் இறுதியோடு முடிந்தது. அதனால்தான் நீங்கள் எதையும் மாற்றாமலேயே, நேற்று திறந்த தளம் இன்று "பாதுகாப்பற்றது" என்று நிற்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. 4ஜி இல்லாத கைப்பேசிக்கு எந்த மென்பொருள் போட்டாலும் சிம் வழியாக வேகமான இணையம் கிடைக்காது. வைஃபை இருக்கும் வீட்டில் மட்டும்தான் அது உதவும். அதற்காகக் கடையில் பணம் கொடுக்காதீர்கள்.

2. மேலேற்றம்: நின்றுபோனது எது, நிற்காதது எது?

"கூகிள் புதுப் பதிப்பு வெளியிட்டுவிட்டதே, எனக்கு ஏன் வரவில்லை?" என்று பலர் கேட்கிறார்கள். கூகிள் தருவது அடிப்படை மட்டுமே. சில்லு செய்யும் நிறுவனம் அந்தச் சில்லுக்கான இயக்கிகளைத் தர வேண்டும். கைப்பேசி நிறுவனம் அதைத் தன் மாடலுக்கு ஏற்றபடி பொருத்தி, சோதித்து, கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒருவர் நிறுத்தினாலும் உங்கள் கைப்பேசி அங்கேயே நின்றுவிடும். எடுத்துக்காட்டாக, 2019-இல் வந்த சாம்சுங் கேலக்ஸி ஏ50 ஆண்ட்ராய்டு 9-உடன் வந்தது; 11-உடன் நின்றது.

ஆனால் எல்லாமே நின்றுவிடுவதில்லை. கூகிள் பிளே சேவைகள், உலாவி, விசைப்பலகை, வெப்வியூ போன்றவை பிளே ஸ்டோர் வழியாகத் தனியே இற்றையாகின்றன. ஆண்ட்ராய்டு 10 முதல் 'கூகிள் பிளே சிஸ்டம் அப்டேட்' என்ற இன்னொரு வழியும் உண்டு. ஆகவே "இனி அப்டேட் இல்லை" என்று விடாமல், இந்த வரிசையில் செய்யுங்கள்:

முதலில் சேமிப்பிடத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக்குங்கள். மின்கலத்தைப் பாதிக்கு மேல் ஏற்றுங்கள். வைஃபையில் இணைத்து 'சாஃப்ட்வேர் அப்டேட்' இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிளே ஸ்டோரில் எல்லாச் செயலிகளையும் இற்றைப்படுத்துங்கள்.

ஒரு செயலி பொருந்தவில்லையா? உலாவியில் திறந்து பாருங்கள். கூகிள் வகுப்பறைக்குச் செயலி கட்டாயமில்லை. கல்வி அமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா தளத்திற்கும் உலாவி போதும்.

செய்யக்கூடாதது: பிளே ஸ்டோரில் கிடைக்காத செயலியின் 'ஏபிகே' கோப்பை, புலனத்தில் யாரோ அனுப்பினார்கள் என்று நிறுவுவது. நம் நாட்டில் வீடு சுத்தம் செய்யும் சேவை, கழிவு விலைப் பொருள் என்ற பெயர்களில் போலி ஏபிகே அனுப்பி, வங்கிக் கணக்கைத் துடைத்தெடுத்த மோசடிகள் பற்றிக் காவல் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதுகாப்பு ஒட்டு நின்றுபோன கைப்பேசி அவர்களுக்கு இன்னும் வசதி.

3. கீழிறக்கம்: ஏன் எளிதல்ல?

"அப்டேட் பண்ணேன், ஸ்லோ ஆயிடுச்சி. பழையதையே போட்டுத் தாங்க." இது அடிக்கடி கேட்கும் குறை. புது மென்பொருள் ஏறிய முதல் ஓரிரு நாள் கைப்பேசி பின்னணியில் செயலிகளை மறுசீரமைக்கும்; அப்போது சூடாகும், மெதுவாகும். அதுவரை பொறுங்கள். பிறகும் சரியாகவில்லை என்றால், காப்பெடுத்துவிட்டு முழுமையாக அழித்து மீட்டமையுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

ஒரு செயலியை மட்டும் கீழிறக்குவது எளிது. சில நேரம் அவசியமும்கூட. 2021 மார்ச்சில் வெப்வியூவின் பிழையான இற்றை ஒன்றால் உலகம் முழுவதும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. கூகிள் திருத்தம் வெளியிடும்வரை கைகொடுத்த வழி, செட்டிங்ஸில் வெப்வியூவைத் திறந்து 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுப்பதுதான்.

முழு இயங்குதளத்தைக் கீழிறக்குவது வேறு கதை. பழைய மென்பொருளின் ஓட்டைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. திருடிய ஒருவன் பழையதை ஏற்றி அந்த ஓட்டை வழியாக நுழையக்கூடாது என்பதற்காக, நிறுவனங்கள் பின்னோக்கிப் போவதைத் தடுக்கின்றன. சாம்சுங்கில் இதை நீங்களே பார்க்கலாம். பில்ட் எண்ணின் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். அது 7 என்றால், 6 என்று இருக்கும் பழைய மென்பொருளைக் கைப்பேசி ஏற்காது. சியோமியின் சில மாடல்களில் இந்தத் தடையை மீறி ஏற்றினால் கைப்பேசி திறக்கவே திறக்காது. "செங்கல் ஆயிடுச்சி" என்று சொல்வது இதைத்தான்.

கீழிறக்கம் நடந்தாலும் உள்ளே இருப்பது அழியும். புதுப் பதிப்பு எழுதிய தரவைப் பழைய பதிப்பால் படிக்க முடியாது.

4. 'அன்லாக்' என்றால் எந்தப் பூட்டு?

கடையில் "அன்லாக் பண்ணணும்" என்று சொல்வதற்கு முன், எந்தப் பூட்டு என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். பூட்டுகள் மூன்று.

*சிம் பூட்டு.* ஒரே தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும் பூட்டு. வெளிநாட்டிலிருந்து வந்த கைப்பேசிகளில் இது இருக்கலாம். விற்ற நிறுவனம்தான் முறையாகத் திறந்து தர முடியும்.

*கணக்குப் பூட்டு.* ஆண்ட்ராய்டு 5.1 முதல் வந்தது. திரைப் பூட்டு இருக்கும் கைப்பேசியைக் கணக்கை நீக்காமல் வெளியிலிருந்து அழித்து மீட்டமைத்தால், முன்பிருந்த கூகிள் கணக்கைக் கேட்கும். திருட்டைத் தடுக்கத்தான் இது. ஆனால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பழைய கைப்பேசிகளைத் திரட்டி மாணவர்களுக்குக் கொடுக்கும்போது, நல்ல மனத்தோடு கொடுத்த கைப்பேசியும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். கொடுப்பவர் முதலில் செட்டிங்ஸில் தம் கணக்கை நீக்கி, திரைப் பூட்டையும் எடுத்துவிட்டு, அதன் பிறகே மீட்டமைக்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது.

*பூட்லோடர் பூட்டு.* கைப்பேசியை இயக்கியதும் முதலில் எழும் காவலாளி இது. அடுத்து ஏறும் மென்பொருளில் நிறுவனத்தின் கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே விடும். இதைத் திறந்தால்தான் லீனேஜ்ஓஎஸ் போன்ற தன்னார்வலர் உருவாக்கிய இயங்குதளங்களை ஏற்ற முடியும். நிறுவனம் கைவிட்ட நல்ல கைப்பேசிக்கு இது உண்மையிலேயே மறுவாழ்வு தரலாம். ஆனால் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு:

திறந்த அந்த நொடியே உள்ளிருப்பவை எல்லாம் அழிக்கப்படும். திருடன் திறந்தால் உங்கள் படங்களைப் பார்க்கக்கூடாதே! சாம்சுங்கில், அதிகாரப்பூர்வமற்ற மென்பொருள் ஏறினால் நாக்ஸ் என்ற ஓர் உருகி எரிந்துவிடும். பிறகு பழைய மென்பொருளை ஏற்றி மறுபடி பூட்டினாலும் அது திரும்பாது; செக்யூர் ஃபோல்டர் போன்றவை வேலை செய்யாது. ஹுவாவெய் 2018-இல் திறப்புக் குறியீடு தருவதையே நிறுத்திவிட்டது. சீனச் சந்தைக்கான சியோமியில் வெளிநாட்டு மென்பொருளை ஏற்றிவிட்டு மறுபடி பூட்டினால், அதுவே செங்கலாகலாம். இரண்டாம் கை 'ஏபி செட்' வாங்குவோர் கவனிக்க வேண்டும்.

5. வங்கிக் கைப்பேசியை ஏன் தொடக்கூடாது?

2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, இணைய மோசடியைத் தடுக்க ஐந்து நடவடிக்கைகளை அறிவித்தது. குறுஞ்செய்தி வழிக் குறியீட்டை விட்டுவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறுவது, ஒருவருக்கு ஒரே ஒரு கைப்பேசியில் மட்டும் உறுதிப்படுத்தும் வசதி, புதிதாகப் பதியும்போது காத்திருப்பு நேரம் ஆகியவை அவற்றில் அடங்கும். அதாவது, இன்று உங்கள் கைப்பேசியே வங்கிக் கணக்கின் சாவி.

பூட்லோடர் திறந்திருக்கிறதா என்பதைச் செயலிகள் கூகிள் வழியாகக் கேட்டறிய முடியும். திறந்திருந்தால் வங்கிச் செயலிகளும் பணப்பைச் செயலிகளும் இயங்க மறுக்கலாம். சம்பளம் ஏறிய நாளில், வீட்டுத் தவணை கட்ட வேண்டிய நேரத்தில், சாவி உடைந்தால் என்ன செய்வீர்கள்?

எரிச்சலூட்டும் அதே பூட்டுதான் உங்கள் பணத்தையும் காக்கிறது. ஆகவே வங்கிச் செயலியை இன்னும் பாதுகாப்பு ஒட்டு பெறும் கைப்பேசியில் வையுங்கள். பழையதிலிருந்து அதைப் பதிவு நீக்குங்கள். அதற்குப் பிறகு பழையது என்ன ஆனாலும் இழப்பு சிறியதே. ஒருவேளை ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் உங்கள் வங்கியை அல்லது தேசிய மோசடி மறுமொழி மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

6. பிள்ளையிடம் கொடுக்கும் முன்

1. படங்கள், குறிப்புகள், குரல் பதிவுகளைக் காப்பெடுங்கள். புலனத்தின் காப்பு அதே தொலைபேசி எண்ணில்தான் திரும்ப வரும்; எண் மாறுமானால் முக்கியமானவற்றைத் தனியே சேமியுங்கள்.
2. புதிய கைப்பேசியில் வங்கிச் செயலியைப் பதிந்து, வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு பழையதிலிருந்து நீக்குங்கள்.
3. கிடைக்கும் அதிகாரப்பூர்வ இற்றைகள் எல்லாவற்றையும் ஏற்றுங்கள்.
4. கூகிள் கணக்கையும் திரைப் பூட்டையும் நீக்கி, மீட்டமையுங்கள்.
5. பிள்ளையின் கணக்கில் நுழைந்து, தேவையான செயலிகளை மட்டும் போடுங்கள்.

இவ்வளவுக்கும் பணம் செலவில்லை. ஒரு மாலை நேரம் போதும். இதற்குப் பிறகும் கைப்பேசி உதவவில்லை என்றால்தான் பூட்லோடரைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் உங்கள் மாடல் எண்ணுக்கே உரிய இயங்குதளம் லீனேஜ்ஓஎஸ் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். "கிட்டத்தட்ட அதே மாடல்தான்" என்பது போதாது. கடையில் கொடுத்தால், எந்தப் பூட்டைத் திறக்கப் போகிறார்கள், எந்த மென்பொருளை ஏற்றுவார்கள், கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது இந்த வேலையில் இறங்காதீர்கள். மெதுவாக ஓடும் கைப்பேசியில் பாடக்குறிப்பைப் படித்துவிடலாம். செங்கலாகிப்போனதில் படிக்க முடியாது. எஸ்.பி.எம். முடியட்டும், பிறகு விடுமுறையில் பழைய கைப்பேசியைத் திறந்து, ஏற்றி, இறக்கிக் கற்றுக்கொள்ளுங்கள். கெட்டால் கெடட்டும் என்று சொல்லக்கூடிய ஒன்றில் கற்பதுதான் நல்லது.