முதிர்ந்த குளிர்ப்பெட்டியும் மறைந்த பனியும்

வெயில் மிகுந்த நம் நாட்டில் பனிக்கட்டி ஒரு காலத்தில் கப்பலேறி வந்த அரும்பொருளாயிருந்தது. 1833-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் துறைமுகத்தினின்று புறப்பட்ட கப்பலொன்று பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தது. அவ்வாணிபத்தை நடத்திய பிரெடரிக் டியூடர் என்பாரின் சரக்கைச் சேமித்து வைக்கச் சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லம் என்னும் பெயருடன் விளங்குகின்றது. அன்று செல்வர்க்கே எட்டிய குளிர்ச்சி இன்று தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளி போன்ற ஊர்களிலும் சமையலறை மூலையில் குடிகொண்டிருக்கின்றது.

தவணை செலுத்தி வாங்கிய அத்தகைய பெட்டியொன்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தபின் ஒரு நாள் பால் திரிகின்றது. மறுநாள் குழம்பு புளிக்கின்றது. "கேஸ் போய்விட்டது" என்பார் ஒருவர். "பழசைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குக" என்பார் மற்றொருவர். இவ்விரு தீர்ப்புகளும் குடும்பத்தின் பணப்பையைத் தொடுவன. ஆயின் பல சமயங்களில் நோய் வேறிடத்தில், சிறியதோர் உறுப்பில் இருக்கக்கூடும். அதனை அறியும் வழியை இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதலாவது, குளிர்ச்சி உண்டாகும் விதத்தை நோக்குவோம். மண்பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் உள்நீர் தண்ணென்றாகின்றது. குளிர்ப்பெட்டியிலும் ஒரு திரவம் குழாய்ச் சுருளுக்குள் ஆவியாகி உள்வெப்பத்தைக் கவர்கின்றது. கம்ப்ரெஸர் என்னும் பொறி அவ்வாவியை அழுத்தி வெளிச்சுருளுக்குச் செலுத்த, அங்கே அது வெப்பத்தை விட்டு மீண்டும் திரவமாகின்றது. இவ்வாறு அடைபட்ட குழாய்க்குள் சுற்றிவருவதேயன்றி, விளக்கெண்ணெய் போல் அது எரிந்து தீர்வதில்லை. அது குறைந்ததாயின் எங்கேனும் கசிவு உண்டென்பதே பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புதல் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும்.

இரண்டாவது, பனியைப் பற்றியது. கதவைத் திறக்குந்தோறும் வெளிக்காற்றின் ஈரம் உட்புகுந்து குளிர்ந்த சுருளின்மேல் பனியாய்ப் படிகின்றது. பழைய மாதிரிப் பெட்டிகளில் அதனை நாமே உருக்கித் துடைத்தோம். 'பனி உறையாப் பெட்டி' என விற்கப்படுவதில் பனி உறையாமலில்லை. உறைவறையின் பின்சுவருக்கு அப்பால், நம் கண்ணுக்கு மறைவான சுருளில் உறைகின்றது. சிறு விசிறி ஒன்று அச்சுருளின் குளிரை மேலறைக்கும் கீழறைக்கும் வீசுகின்றது. கம்ப்ரெஸர் ஏறத்தாழ 6 முதல் 12 மணி நேரம் ஓடியதும் டைமர் அதனை நிறுத்திச் சுருளின் கீழுள்ள ஹீட்டரை எரியச் செய்யும். பனி உருகிச் சுருள் போதிய அளவு வெப்பமடைந்ததும், இருவேறு உலோகத் தகடுகளாலான சிறு ஸ்விட்சு ஹீட்டரை அணைக்கும். உருகிய நீர் குழாய் வழியே பின்புறத் தட்டில் வீழ்ந்து, கம்ப்ரெஸரின் சூட்டினால் ஆவியாகும்.

டைமர், ஹீட்டர், ஸ்விட்சு என்னும் மூன்றில் ஒன்று பழுதாயினும் பனி உருகாது. நாளடைவில் சுருளைச் சூழ்ந்து காற்று வழியை அடைத்துவிடும். அப்பொழுது மேலறையில் பனிக்கட்டி இருக்க, கீழறையில் பால் திரியும். இதனையே பலர் கேஸ் குறைவென்று மயங்குகின்றனர்.

பரிசோதனையை எளியவற்றினின்று தொடங்குக. கதவு ரப்பருக்கிடையே ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால், அது தடையின்றி வருமிடத்தில் ரப்பர் தளர்ந்துள்ளது. வெளிச்சுருள் தெரியும்படி அமைந்திருப்பின் அதன் தூசியைத் துடைத்தலும், சுவருக்கும் பெட்டிக்குமிடையே இடம் விடுதலும் அவசியம். உள்ளே காற்று வரும் துளைகளைப் பாத்திரங்களால் மறைத்தலாகாது. ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டுக் கீழறையில் இரவு முழுவதும் வைத்தால் 4 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிக் காட்டவேண்டும். உறைவறை பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரி அளவில் இருத்தல் நன்று.

இவை செவ்வையாயிருந்தும் குளிர் குன்றுமாயின், பண்டங்களை அகற்றி, பிளக்கைப் பிடுங்கி, கதவுகளைத் திறந்து 24 மணி நேரம் விடுக. பின்னர் ஓட்டிப் பார்க்கும்போது சில நாள் நன்றாய்க் குளிர்ந்து மீண்டும் குன்றினால், பனியுருக்கும் உறுப்புகளிலேயே பழுதென்று பெரும்பாலும் துணியலாம். உருக்கிய பின்னும் குளிராவிடில் விசிறியையோ, கம்ப்ரெஸரையோ, கேஸையோ ஐயுறுதல் தகும்.

மறைப்பை நீக்கிச் சுருளைக் காணும்போது பனியே சாட்சி சொல்லும். சுருள் முழுவதும் தடித்த பனி மூடியிருந்தால் உருக்கும் உறுப்பு பழுதுற்றது. வாய்ப்புறத்தில் மட்டும் பனியிருந்து மற்றப் பகுதி வெறுமையாயிருந்தால் கேஸ் குறைந்தது. கம்ப்ரெஸர் ஓடியும் பனியே இல்லையெனில் கேஸ் முற்றும் கசிந்தது, அல்லது கம்ப்ரெஸர் வலுவிழந்தது. காய்கறித் தட்டின் கீழ் நீர் தேங்கினால் வடிகுழாய் அடைபட்டது. வெந்நீர் வார்த்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

உருக்கும் உறுப்பில் எது பழுதென்பதையும் அறியலாம். பழைய மாதிரி டைமரின் நடு அச்சைத் திருகுளியால் மெல்லத் திருப்ப, 'டக்' என்ற ஒலியுடன் கம்ப்ரெஸர் நின்று ஹீட்டர் சூடேறினால், டைமரே ஓடாது நின்றதாகும். சூடேறாவிடில் ஹீட்டரையும் ஸ்விட்சையும் மீட்டரால் சோதிக்கவேண்டும். ஆயின் அந்த ஸ்விட்சு குளிரில் மட்டுமே மின்சாரத்தை விடும். அறையின் வெப்பத்தில் திறந்தே இருக்கும். ஆதலின் அதனை மேசைமேல் வைத்துச் சோதித்துப் பழுதென எறிதல் நல்லதொன்றை வீணாக்குவதாகும். பனிக்கட்டியில் சிறிது நேரம் புதைத்து வைத்தபின் சோதிப்பதே முறை. புதிய மாதிரிகளில் டைமருக்குப் பதில் மின்னணுப் பலகை இருத்தலால் அங்கே தேர்ந்த மெக்கானிக்கின் துணை வேண்டும்.

சில எச்சரிக்கைகளும் கூறல் அவசியம். பிளக்கைப் பிடுங்காமல் எந்த உறுப்பையும் தொடலாகாது. டைமர் சோதனை மட்டும் மின்சாரம் ஓடும்போது நிகழ்வதாகலின் அதனைப் பழகினோரிடம் விடுக. பனியைக் கத்தியால் குத்தினால் குழாய் துளைபட்டுச் சிறு பழுது பெரும் பழுதாகும். அண்மைக் காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ளது எளிதில் தீப்பற்றும் ஐசோபியூட்டேன் வாயு. எந்த வாயு என்பதைப் பெட்டியிலுள்ள தகட்டில் காணலாம். முற்காலப் பெட்டிகளில் நிரம்பியிருந்த குளோரோபுளூரோகார்பன் வானத்து ஓஸோன் படலத்தை அரித்தமையால், 1987-இல் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்து அதனை விலக்கத் தொடங்கின. அன்றியும், குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. அவற்றின் பெருக்கத்தைத் தாமதப்படுத்துகின்றது. ஆகவே பெட்டி நின்றிருந்த நாளில் உருகி வெதுவெதுப்பான இறைச்சியை மீண்டும் உறையவைத்து உண்ணுதல் தகாது.

கம்ப்ரெஸர் மாண்டாலோ, சுவருக்குள் புதைந்த குழாய் கசிந்தாலோ பழைய பெட்டிக்கு விடைகொடுத்தலே சிக்கனம். ஹீட்டரும் டைமரும் ஸ்விட்சும் அவ்வாறல்ல. புதுப் பெட்டியின் விலையை நோக்க அவை சொற்பமே. எனவே மெக்கானிக்கிடம் "குளிரவில்லை" என்று மட்டும் கூறாது, "உருக்கியபின் ஐந்து நாள் குளிர்ந்தது, பிறகு நின்றது" எனக் கண்டதைக் கூறுக. நோயாளி தன் நோயின் வரலாற்றைச் செவ்வனே உரைத்தால் மருத்துவர்க்குப் பாதி வேலை முடிந்தது போலாம். காரணத்தைக் கண்டபின் செலவில் இறங்கும் குடும்பத்துக்குப் பணமும் மிஞ்சும். உழைக்கவல்ல பொருளொன்று குப்பை சேராமலும் நிற்கும்.