முகம் மட்டும் கடன் கிடையாது: டெடி பேர் கலைஞர்களின் நட்பு

இந்த எபிசோட் டெடி பேர் பத்தி. "சின்னப் பசங்க சமாச்சாரம்"னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. நான் பேசப் போற கரடிகள் பலவற்றில் ஒரு சீட்டு தொங்கும். 'இது விளையாட்டுப் பொருள் அல்ல, சேகரிப்பாளர்களுக்கு மட்டும்' என்று அதில் போட்டிருக்கும். கண்ணாடிக் கண், உள்ளே குட்டிக் குட்டி இரும்புக் குண்டுகள், உலோகப் பின் எல்லாம் வைத்துச் செய்தது. குழந்தை பிய்த்து வாயில் போட்டால் ஆபத்து. விலையும் அப்படித்தான். பிரிட்டனில் ஒரு கலைஞர் கையால் செய்த கரடிக்கு 100 பவுண்டுக்கு மேல் கேட்பது சர்வசாதாரணம். வாங்குவது பெரியவர்கள். செய்வதும் பெரியவர்கள், அதிகமும் பெண்கள், அநேகமாகத் தனி ஆளாக, வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

இதுல எனக்குப் பிடிபடாத ஒரு விஷயம் இருந்தது. இவங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் போட்டியாளர்கள். சந்தையோ ரொம்பச் சின்னது. இந்த மாதம் ஒருத்தரிடம் கரடி வாங்கிய சேகரிப்பாளர் அடுத்தவரிடம் வாங்கக் கையில் காசு இருக்காது. கணக்குப்படி பார்த்தா முறைச்சுக்கிட்டுத் திரியணும். ஆனா நல்ல துணி எங்கே கிடைக்கும், மூக்கு தைக்க எந்த நூல், கழுத்து தொளதொளன்னு ஆடினா என்ன பண்றது, எல்லாத்தையும் கேட்ட உடனே சொல்லிடறாங்க. ஏன்? அதைத்தான் இன்னிக்குப் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

1902 கதை பலருக்குத் தெரிஞ்சிருக்கும், வேகமா சொல்லிடறேன். அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போனபோது, கட்டிப் போட்ட கரடியைச் சுட மறுத்தார். (அடிபட்டுக் கிடந்த அதைக் கொன்னுடச் சொன்னதும் அவர்தான். அந்தப் பகுதியைப் பொம்மைக் கடையில் யாரும் சொல்ல மாட்டாங்க.) கிளிஃபர்ட் பெர்ரிமேன் அதைக் கார்ட்டூனாகப் போட, புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மோரிஸ், ரோஸ் மிச்டம் தம்பதி துணிக் கரடி செய்து அதிபரின் செல்லப் பெயரை வைத்தார்கள். அதே காலத்தில் ஜெர்மனியின் கீங்கன் ஊரில் ரிச்சர்ட் ஸ்டைஃப் என்பவரும் கை கால் அசையும் ஒரு கரடியை வடிவமைத்துக்கொண்டிருந்தார்.

நம்ம கதைக்கு முக்கியமானவர் ரிச்சர்டின் அத்தை, மார்கரெட் ஸ்டைஃப். குழந்தையிலேயே போலியோ தாக்கி, சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். ஒரு ஃபேஷன் பத்திரிகையில் வந்த சின்ன யானை பேட்டர்னை வைத்து, 1880 வாக்கில் குண்டூசி குத்திவைக்கிற துணி யானைகள் தைத்தார். தெரிந்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். வீட்டுக் குழந்தைகள் குண்டூசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு யானையை வைத்து விளையாடினார்கள். அப்படித்தான் பொம்மைத் தொழில் ஆரம்பித்தது. பத்திரிகை எல்லாருக்கும் திறந்து கொடுத்த ஒரு பேட்டர்ன், தோழிகளுக்கு ஒரு பரிசு. அதே கம்பெனி 1904-ல், தன் பொம்மையைப் பார்த்து மற்றவர்கள் செய்ய ஆரம்பித்ததும், காதில் ஒரு உலோகப் பொத்தானைக் குத்தி 'இதுதான் எங்களுது' என்று அடையாளம் வைத்தது. பகிர்றது, பாதுகாக்கிறது ரெண்டும் இந்தத் தொழிலோட கூடவே பிறந்தவை. இன்னிக்கு வரைக்கும் அந்த இழுபறி ஓயல.

பெரியவர்கள் கரடி சேர்ப்பதை வெட்கமில்லாமல் ஒத்துக்கொண்டதில் பீட்டர் புல் என்ற ஆங்கில நடிகருக்குப் பெரிய பங்கு உண்டு. 1969-ல் டெடி பேர் பற்றி அவர் புத்தகம் போட்ட பிறகுதான், இத்தனை பேர் இன்னும் தங்கள் கரடியை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதே வெளியே தெரிந்தது. அடுத்து வந்த வருடங்களில் அமெரிக்காவில் சிலர், பழைய பேட்டர்னை அப்படியே எடுக்காமல் தாங்களே வடிவமைத்து, தாங்களே வெட்டித் தைத்து, பெயர் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். 'டெடி பேர் கலைஞர்' என்ற பெயர் அவர்களோடு வந்தது. பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், ரஷ்யா என்று பரவியது.

சரி, இவங்க ஒரு நாள் எப்படிப் போகும்?

முதலில் துணி. நல்ல கரடிக்கு மொஹேர் வேண்டும். அங்கோரா ஆட்டு ரோமத்தை நெய்த துணி. (அங்கோரா முயல் வேற. அந்த ரோமத்துக்குத்தான் அங்கோரான்னே பேர். ஆட்டோடதுக்குப் பேர் மொஹேர். யார் இப்படிக் குழப்பிப் பேர் வெச்சாங்களோ!) இங்கிலாந்தின் யார்க்‌ஷயரும், ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரத்து ஷுல்டே ஆலையும் இதற்குப் பெயர் போனவை. மீட்டர் விலை கையைக் கடிக்கும். ஆனால் ஒரு நடுத்தரக் கரடிக்கு அரை மீட்டர்கூடத் தேவைப்படாது. அதனால் நாலு பேர் சேர்ந்து ஒரு மீட்டர் வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டிப் பிரித்துக்கொள்வார்கள். பல நட்புகளின் முதல் பக்கம் இந்தத் துணிக் கணக்குதான்.

வெட்டுவதில் ஒரு நுணுக்கம். ரோமம் எந்தத் திசையில் படியுதோ அந்தத் திசையில் அம்புக்குறி போட்டு, துணியின் பின்பக்கம் பேட்டர்னை வரைந்து, சிறிய கூர்முனைக் கத்தரிக்கோலால் அடித்துணியை மட்டும் நறுக்க வேண்டும். ரோமத்தைச் சேர்த்து வெட்டினால் கரடிக்கு மொட்டை விழுந்த மாதிரி தையல் ஓரம் தெரியும். தைத்ததைப் புரட்டி, தலை, 2 கை, 2 கால் என 5 இடத்தில் ஜாயின்ட் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 2 வட்ட வில்லை, நடுவில் காட்டர் பின். பின்னின் இரண்டு காலையும் இடுக்கியால் பிடித்து இறுக்கிச் சுருட்டணும். சுருட்டினது சரியில்லைன்னா வருஷம் போகப் போகத் தலை தொங்கும்.

அப்புறம் அடைப்பு. பழைய ஜெர்மன் கரடிகளில் மரச் சீவல் அடைத்தார்கள். பழைய பிரிட்டிஷ் கரடிகளில் கபோக் என்று ஒன்று வரும். அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம தலையணையில் இருக்கிற இலவம்பஞ்சு. இப்போது பாலியெஸ்டர் பஞ்சும், கனத்துக்கு இரும்பு அல்லது கண்ணாடிக் குண்டுகளும். குச்சியால் குத்திக் குத்தி, மூக்குப் பகுதியைக் கல் மாதிரி அடைக்க வேண்டும். அப்போதுதான் அதன்மேல் நூலால் மூக்கு தைக்க முடியும். நாள் முழுக்க இதைச் செய்தால் கட்டை விரல் வலி எடுக்கும். காபியில் ரோமம், தோசையில் ரோமம்னு நம்ம வீட்டுல நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. அவங்க வீட்டுல டீ கப்புல மிதக்கும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். கடைசியில் முகம். கண்ணை 2 மில்லிமீட்டர் மேலே வைத்தால் ஒரு ஆள், கீழே வைத்தால் வேறு ஆள். இரண்டும் கொஞ்சம் நெருங்கினால் கரடி திருதிருன்னு முழிக்கும். அதனால் உடனே தைத்துவிட மாட்டார்கள். குண்டூசிக் கண்களைக் குத்தி வைத்து, தள்ளி நின்று பார்த்து, பிடுங்கி, மறுபடி குத்துவார்கள். பல மணி நேரம் ஒரே முகத்தைப் பார்த்தபிறகு கோணல் தெரியாது. ராத்திரி 11 மணிக்கு எழுதின கோடில் இருக்கிற பிழை எழுதினவனுக்குத் தெரியாத மாதிரிதான் இதுவும். நாங்க என்ன பண்றோம்? பக்கத்து சீட்டுக்காரனை ரிவ்யூ பண்ணச் சொல்றோம். இவங்க போட்டோ எடுத்துத் தோழிக்கு அனுப்பறாங்க. "இடது காது இறங்கியிருக்கு", "இவன் ஏன் கோபமா இருக்கான்?" என்கிற மாதிரி பதில் வரும். முகஸ்துதி இல்லாமல் பதில் சொல்லக்கூடியவர், இதே வேலையைச் செய்கிற இன்னொருவர்தான். வீட்டுக்காரர் "நல்லாத்தான் இருக்கு"ன்னுதான் சொல்வார். அந்தப் பதிலை வெச்சு என்ன பண்றது?

ஆக, போட்டியாளர்தான் உங்களுடைய ஒரே சக ஊழியர். தனியாக வேலை செய்கிறவருக்கு ஆபீஸ் கிடையாது, டீ பிரேக் கிடையாது, டீம் லீட் கிடையாது. வேலை பற்றிப் பேச ஆள் வேண்டும் என்றால் போட்டியாளரிடம்தான் போயாகணும். இந்த நட்புக்கு அடியில் இருக்கிற காரணம் இதுன்னுதான் நான் நினைக்கிறேன். நல்ல மனசு அதுக்கு மேல.

கண்காட்சி நாட்களில் இது கண்ணுக்குத் தெரியும். லண்டன் கென்சிங்டன் டவுன் ஹாலில் ஹக்லெட்ஸ் விழா, ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் பெரிய கரடிச் சந்தை எனப் பல வருடங்கள் நடந்தன. மேசைக்கு வாடகை, பயணம், தங்குமிடம் எல்லாம் கைக்காசு. இரண்டு பேர் ஒரே மேசையைப் பங்கு போடுவார்கள், ஒரே அறையில் தங்குவார்கள். ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் அவருடைய கரடியை விற்றுக் கொடுப்பார். கலைஞர்களே மற்றவரின் கரடியை வாங்குவதும், காசில்லாமல் மாற்றிக்கொள்வதும் உண்டு. பல கலைஞர்கள் வீட்டு அலமாரியில் சொந்தக் கரடி அதிகம் இருக்காது. விற்றுப்போயிருக்கும். இருப்பது தோழிகள் செய்தது.

காசு விஷயத்தில்தான் நட்பு கொஞ்சம் உரசும். ஒரு கணக்குப் போடுவோம். கரடியின் விலை 180 பவுண்டு. துணி, கண், ஜாயின்ட் எல்லாம் 40. மீதி 140. வேலை 20 மணி நேரம். மணிக்கு 7 பவுண்டு. பிரிட்டனில் 2024 ஏப்ரலில் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டு. கண்காட்சிச் செலவை நான் இன்னும் கழிக்கவே இல்லை! 'விலையை ஏத்து' என்று தோழி திட்டுவது இதனால்தான். அதில் அக்கறையும் இருக்கு, சுயநலமும் இருக்கு. ஒருத்தர் பொழுதுபோக்குக்காக 60 பவுண்டுக்கு விற்றால், அதையே நம்பி வாடகை கட்டுகிறவரின் 180 அநியாய விலை மாதிரி தெரியும். பென்ஷன் வாங்குகிறவரும் வாடகை கட்டுகிறவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பேச்சு அவ்வளவு சுலபமில்லை.

ஆனால் நட்பே முறிவது விலையால் அல்ல, பேட்டர்னால்.

நுட்பம் எல்லாம் பொதுச்சொத்து. ஏணித் தையல் எப்படிப் போடுவது, காதை எங்கே சொருகுவது, இதெல்லாம் யாரும் யாரிடமும் கேட்கலாம். நம்ம பாஷையில ஓப்பன் சோர்ஸ். கலைஞர் தானே வரைந்த பேட்டர்னும், அதிலிருந்து வருகிற அந்த முகமும் தொடக்கூடாத இடம். பயிற்சி வகுப்பில் டீச்சர் கொடுத்த பேட்டர்னில் நீங்கள் ஒரு கரடி செய்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதையே பத்து செய்து உங்கள் பெயரில் விற்றால் முடிந்தது கதை. காப்புரிமைச் சட்டம் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைக் காக்கலாம். 'நீள மூக்கு, சோகக் கண், கூன் முதுகு' என்கிற பாணியை அது காக்காது. காத்தாலும் 180 பவுண்டு பொம்மைக்காக வேறு நாட்டில் யார் வக்கீல் வைப்பது? அதனால் காவல் வேலையையும் நட்பு வட்டம்தான் பார்க்கிறது. "இது உன் முகம் மாதிரி இருக்கே" என்று ஒரு லிங்க் வரும். அப்புறம் அந்த ஆளுக்குத் துணி பங்கு போட அழைப்பு வராது, மேசைக்குத் துணை கிடைக்காது, முகத்தைப் பார்த்துச் சொல்லவும் ஆள் இருக்காது.

இந்த ஏற்பாட்டில் அநியாயம் நடக்காதா? நடக்கும். ஒரே ஆலைத் துணி, ஒரே மாதிரிக் கண், ஒரே 5 ஜாயின்ட். இரண்டு பேர் யோசனை தற்செயலாக ஒத்துப்போக நிறையவே வாய்ப்பு இருக்கு. புதுசா வந்தவர் வேணும்னு காப்பி அடிக்கலைன்னு நிரூபிக்க வழியே இல்ல. பழையவருக்கு நண்பர்கள் அதிகம், அதனால் அவர் பேச்சு எடுபடும். சட்டத்துக்குப் பதிலாக நட்பு தீர்ப்புச் சொல்லும்போது வர்ற சிக்கல் இது. இதை அழகுன்னு மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல.

ஒரு கலைஞருக்குக் கை முடியாமல் போகிற நாளும் வரும். விரல் மூட்டு தேய்ந்து பின்னைச் சுருட்ட முடியாது. அப்போது அலமாரியில் சேர்த்து வைத்திருந்த மொஹேர் துண்டுகள், கண்ணாடிக் கண் டப்பாக்கள், வில்லைகள் எல்லாம் தோழிகளுக்குப் போகும். அதில் பேச்சே இல்லை. பேட்டர்ன் அட்டைகள்தான் கேள்வி. சிலர் தன்னோடு முடியட்டும் என்று கிழித்துப் போடுவார்கள். சிலர் கவரில் போட்டு ஒரே ஒருவரிடம் கொடுப்பார்கள், செய்துகொள் என்று. வாங்கினவர் அடுத்த நாள் ராத்திரி குண்டூசிக் கண்ணைக் குத்திப் பார்க்கும்போது, யாருக்கு போட்டோ அனுப்புவார்? அட்டையைக் கொடுத்தவருக்குத்தான். "இது நான் செஞ்ச மாதிரி இல்லையே"ன்னு பதில் வந்தாலும் வரும்.