பறந்த குதிரைகளும் நின்ற குதிரைகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பந்தயக் குதிரையை வரைவதே தனித் தொழிலாக இருந்தது. குதிரையின் சொந்தக்காரர் கேட்டது கற்பனையை அல்ல, அடையாளத்தை. நெற்றி வெள்ளை, குளம்புக்கு மேலுள்ள வெண்பட்டை, ஜாக்கி சட்டையின் நிறம் எதுவும் தவறக்கூடாது. ஜான் ஃபிரெடெரிக் ஹெர்ரிங் (1795–1865) கோச்சு வண்டி ஓட்டிப் பிழைத்தவர். சத்திரப் பலகைகளில் படம் எழுதிக் கை பழகியவர், பின்னாளில் டான்காஸ்டரின் செயின்ட் லெஜர் பந்தயத்தில் வென்ற குதிரைகளை 33 ஆண்டுகள் தொடர்ந்து வரைந்தார். ஜேம்ஸ் பொல்லார்ட், ஹென்றி ஆல்கன் போன்றோரின் பந்தயக் காட்சிகள் செப்புத் தகட்டிலிருந்து அச்சாகி, வண்ணம் தீட்டப்பட்டு விற்பனைக்கு வந்தன.

இந்தப் படங்களில் குதிரை ஓடுவதில்லை, பறக்கிறது. முன்னங்கால் இரண்டும் முன்னே, பின்னங்கால் இரண்டும் பின்னே, வயிறு தரையை ஒட்டியபடி. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-ல் வரைந்த எப்சம் டெர்பி ஓவியத்திலும் இதே பாய்ச்சல்தான். 1878-ல் கலிஃபோர்னியாவில் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம்பிடித்தபோது குட்டு உடைந்தது. நாலு காலும் அந்தரத்தில் இருக்கும் கணம் உண்டு. ஆனால் அப்போது கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன. ஆனாலும் வேகத்தைக் கண்ணுக்குக் காட்டுவதில் அந்தப் பொய்யே கெட்டிக்காரப் பொய்.

குதிரைப் பந்தயம் ஆங்கிலேயரோடு இந்தியாவுக்கும் வந்தது. சென்னை கிண்டியில் 1777-லேயே பந்தயம் நடந்திருக்கிறது. கல்கத்தா டர்ஃப் கிளப் 1847-ல் அமைந்தது. குதிரையோடு, அதைப் படமாக்கி மாட்டும் ஆசையும் கப்பலேறி வந்தது. அந்த ஆசையைத் தீர்த்து வைத்தவர்களில் முதல்வரிசைக்காரர் கல்கத்தாவின் கரையா பகுதியைச் சேர்ந்த ஷேக் முகம்மது அமீர். 1830, 40-களில் ஆங்கிலேயரின் குதிரைகள், வண்டிகள், நாய்கள், மாளிகைகளை நீர்வண்ணத்தில் வரைந்தவர்.

அமீரின் கை பெரிதும் பேசியது நிற்கும் குதிரையில். ஐயனார் கோயில் மண்குதிரை போல அது காலைத் தரையில் ஊன்றி, பக்கவாட்டில் நிற்கும். பின்னணி ஏறக்குறைய வெறுங்காகிதம். காலடியில் மெல்லிய நிழல். அந்த வெறுமையில்தான் தோலின் மினுமினுப்பும் கழுத்து நரம்பும் எடுப்பாகத் தெரிகின்றன. பக்கத்தில் கடிவாளம் பிடித்தபடி குதிரைக்காரர். அவர் தலைப்பாகையின் மடிப்பிலும் முகத்திலும் குதிரைக்குக் காட்டிய அதே கவனம். படத்துக்குக் காசு கொடுத்தவர் குதிரைக்குத்தான் கொடுத்தார். ஓவியரோ கடிவாளம் பிடித்திருந்தவரையும் விட்டுவிடவில்லை. ஹெர்ரிங்கின் வெற்றிக் குதிரைகளைவிட இந்தப் படங்கள் ஒரு படி மேலே நிற்பது இதனால்தான்.

இத்தகைய படங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனியை ஒட்டிக் கம்பெனி ஓவியம் என்று பொதுப்பெயரிட்டு நெடுங்காலம் ஒதுக்கிவைத்தார்கள். 2019-ல் லண்டன் வாலஸ் கலெக்ஷன் அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியில்தான் அமீர் உள்ளிட்ட இந்திய ஓவியர்களின் படைப்புகள் அவரவர் பெயரோடு பெரிய அளவில் மக்கள் பார்வைக்கு வந்தன.