கோயில் கட்டிய குடியேறிகள் – 7
மாட் தெருவின் பங்குப் பள்ளி

பிலடெல்பியாவில் 1844-இல் கத்தோலிக்கக் கோயில்கள் தீக்கிரையானதைச் சென்ற வாரம் பார்த்தோம். பள்ளியில் யாருடைய பைபிளை வாசிப்பது என்ற தகராறு அதற்கு ஒரு முக்கியக் காரணம். நியூயார்க்கிலும் அதே தகராறுதான். அங்கே பொதுப்பள்ளிகளை நடத்திய சங்கம், புராட்டஸ்டண்டுகளின் கிங் ஜேம்ஸ் பைபிளையே வாசிக்க வைத்தது. எங்கள் பள்ளிகளுக்கும் அரசுப் பணத்தில் பங்கு வேண்டும் என்று பிஷப் ஜான் ஹியூஸ் 1840-இல் போராட்டத்தில் இறங்கினார். 1842-இல் வந்த சட்டம் சங்கத்தின் பிடியைத் தளர்த்தியது. ஆனால், மதப் பள்ளிகளுக்குக் காசு இல்லை என்று கைவிரித்துவிட்டது. பிறகு ஒவ்வொரு பங்கும் தன் பள்ளியைத் தானே சுமந்தது.

அப்படிச் சுமந்த பங்குகளில் ஒன்று, இன்று மன்ஹாட்டன் சைனாடவுனின் நடுவே மாட் தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபிகரேஷன். அதைத் தொடங்கிய ஃபெலிக்ஸ் வரேலா, ஹவானாவில் பிறந்த குரு. ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் கியூபாவின் பிரதிநிதியாக இருந்தபோது, அடிமை முறையை ஒழிக்க மசோதா எழுதியவர். ஸ்பெயினில் மன்னரின் எதேச்சாதிகாரம் திரும்பியதும் மரண தண்டனைக்கு ஆளாகி, 1823-இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் அவர் கண்டது, பஞ்சம் பிழைக்க வந்த ஐரிஷ் ஏழைகளை. 1827-இல் பங்கைத் தொடங்கினார்; 1832-இல் காலரா பரவியபோது நோயாளிகளுடனேயே இருந்தார்; 1830-களிலேயே பள்ளியும் வந்துவிட்டது. வீடிழந்த ஒருவர் வீடிழந்தவர்களின் பிள்ளைகளுக்காகத் திறந்த பள்ளி இது. இதன் நோக்கத்தைச் சொல்ல வேறு சாசனம் தேவையில்லை.

1801-இல் லூத்தரன் சபையார் கட்டிய கற்கோயிலை 1853-இல் வாங்கி, பங்கு மாட் தெருவுக்கு இடம் மாறியது. சில பத்தாண்டுகளில் இத்தாலியர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் திருப்பலி கோயிலின் அடித்தளத்தில், மேல்தளம் ஐரிஷ்காரர்களுக்கு. நேற்று ஒதுக்கப்பட்டவர்கள் இன்று வந்தவர்களை ஒதுக்கினார்கள். இந்த வரலாற்றில் மனதை மிகவும் உறுத்துவது இதுதான். ஆனால் முதல் உலகப் போரில் மாண்ட பங்கு மக்களுக்காகக் கோயில் முகப்பில் பதித்த பலகையைப் படித்தால், வரிசையாக வருபவை பெரும்பாலும் இத்தாலியப் பெயர்கள். கீழ்த்தளத்துக் குடும்பங்கள் ஒரு தலைமுறையில் மேலே வந்துவிட்டன.

அடுத்து சீனர்கள். அவர்கள் வருவதை 1882-இல் தடுத்த சட்டம் 1943-இல்தான் நீங்கியது. 1949-இல் சீனாவில் பணியாற்றிப் பழகிய மேரிநோல் சபைக் குருக்களிடம் பங்கு ஒப்படைக்கப்பட்டது. 1965-இன் புதிய குடியேற்றச் சட்டத்துக்குப் பின் சைனாடவுன் பெருகியது. கான்டனீஸிலும் மாண்டரினிலும் திருப்பலி நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சீனக் குடும்பத்தவர்; கத்தோலிக்கர் அல்லாதவர்களும் பலர்.

அப்படியானால் இது இன்னும் பங்குப் பள்ளிதானா என்று கேட்பவர்கள் உண்டு. ஆம் என்பதே என் பதில். ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து வரேலா யாருக்கும் காலரா மருத்துவம் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட பள்ளிகள் பிழைத்ததற்கு, சொற்ப ஊதியத்தில் பாடம் நடத்திய அருள்சகோதரிகளே முதல் காரணம். 1960-களின் நடுவில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் படித்தார்கள். இன்று 20 லட்சம்கூட இல்லை. சகோதரிகள் குறைந்தார்கள், கட்டணம் ஏறியது, பள்ளிகள் மூடின. அந்தச் சகோதரிகளின் கதையை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)