சி நூலகத்தின் கட்டமைப்புத் தேர்வுகளும் தமிழ் அகரவரிசையும்: திருமலைச் சொல்லடைவுகளை முன்வைத்து

1. முன்னுரை

திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1931 தொடங்கித் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. இக்கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தெலுங்கிலும் கன்னடத்திலும் அமைந்தவை குறைவு. அதே கோயிலில் பாதுகாக்கப்பட்டு வந்த செப்பேடுகளோ தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகளைத் தாங்கியவை. ஆகவே ஒரே மலையின் ஆவணங்களைப் பயில்வோர்க்குத் தமிழில் ஒன்றும் தெலுங்கில் ஒன்றுமாக இரண்டு சொல்லடைவுகள் வேண்டப்படுகின்றன. சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் இருமொழிச் சூழலை அறிந்தோர்க்கு இது புதுமையன்று.

இவ்விரு சொல்லடைவுகளையும் கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு கருவி ஒன்றில் ஏற்றுவதாகக் கொள்ளலாம். திரையில் இருமொழி எழுத்துகளும் பிழையின்றித் தோன்றுகின்றன. தெலுங்குச் சொற்கள் ஏறத்தாழ அகராதி வரிசையிலேயே நிற்கின்றன. தமிழ்ச் சொற்கள் மட்டும் வரிசை குலைந்து கிடக்கின்றன: 'அன்னம்' முன்னும் 'அமுது' பின்னும், 'படி' முன்னும் 'பட்டர்' பின்னும், 'விளக்கு' முன்னும் 'விழா' பின்னுமாக. தரவில் பிழையில்லை, எழுத்துருவிலும் பிழையில்லை. கருவிக்கான சி நூலகத்தைக் கட்டியபோது ஒரு தேர்வு விடுபட்டதே காரணம். அத்தேர்வின் தன்மையையும், அதன் விளைவு தமிழில் மட்டும் வெளிப்படுவதன் காரணத்தையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. அயற்பொறித் தொகுப்பு

சி மொழியில் எழுதிய நிரலைப் பொறி உணரும் கட்டளைகளாக மாற்றித் தருவது தொகுப்பி. சிறு கருவிகளில் தொகுப்பியை இயக்கப் போதிய நினைவகம் இருப்பதில்லை. எனவே ஆற்றல் மிக்க மேசைக் கணிப்பொறியில் அமர்ந்து, வேறொரு பொறிக்கான கட்டளைகளை உருவாக்கும் வழக்கம் ஏற்பட்டது. இதனைக் 'குறுக்குத் தொகுப்பு' என்று சிலர் மொழிபெயர்ப்பர். தமிழில் 'குறுக்கு' என்னும் சொல் சுருக்குவழியையும் நேர்மையின்மையையும் நினைவூட்டுவதால் 'அயற்பொறித் தொகுப்பு' என்பது பொருத்தமுடையது எனலாம். இதற்கு வேண்டிய தொகுப்பி, இணைப்பி, நூலகம் முதலியவற்றின் கோவையே 'கருவித்தொடர்'. பொறியாளர் வழக்கில் 'டூல்செயின்'.

கருவித்தொடரைக் கட்டும் முறை படிப்படியானது. முதலில் இணைப்பி முதலிய கருவிகள். அடுத்து நூலகத் துணையின்றி இயங்கும் முதனிலைத் தொகுப்பி. அதனைக் கொண்டு சி நூலகம். அந்நூலகத்தின் மேல் முழுநிலைத் தொகுப்பி. நடுவில் நிற்கும் சி நூலகமே எழுத்தை எண்ணுதல், ஒப்பிடுதல், வடிவமைத்தல், குறியேற்றம் மாற்றுதல் ஆகிய பணிகளைப் பிற நிரல்களுக்குச் செய்து தருகிறது. ஆகவே நூலகத்தில் இல்லாத ஒரு திறன் அதன் மேல் எழும் அடுக்குகளிலும் இல்லாமற் போகும். சி++ மொழியின் நூலகம், தான் கட்டப்படும் வேளையில், கீழுள்ள சி நூலகத்தில் அகல எழுத்து வசதி உண்டா எனச் சோதிக்கிறது. இல்லையெனின் தன்னிடத்தும் அதை விலக்கிக் கொள்கிறது. பின்னர் நூலகத்தை மட்டும் திருத்தினால் போதாது. கருவித்தொடர் முழுவதையும் மீண்டும் கட்ட நேரும்.

இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. தன் பொறிக்கே கட்டும்போது, ஐயம் எழுமிடத்தில் சிறு சோதனை நிரலை ஓட்டி விடையறியலாம். அயற்பொறிக்குக் கட்டும்போது அந்நிரல் இங்கு ஓடாது. எனவே கட்டமைப்பு நிரல் ஊகித்து விடை எழுதிக்கொள்கிறது, அல்லது கட்டுபவர் விடையை முன்கூட்டியே தருகிறார். அவர் அறியாத மொழியைப் பற்றிய வினாவாயின் பெரும்பாலும் 'இல்லை' என்பதே விடையாகிறது.

3. நூலகங்களும் அவற்றின் தேர்வுகளும்

மொழி, நாடு ஆகியவற்றிற்கேற்ப அகரவரிசை, எண் பகுப்பு, நாணயக் குறி, கிழமை மாதப் பெயர்கள், 'ஆம்', 'இல்லை' என்னும் விடை வடிவங்கள் ஆகியவற்றைத் தொகுத்துக் கூறும் தரவை 'வட்டார அமைவு' என்று இங்குக் குறிக்கலாம். பொறியாளர் இதனை 'லோகேல்' என்பர். மேசைக் கணிப்பொறிகளில் பெருவழக்கான ஜிஎன்யூ சி நூலகத்தில், சுருக்கமாக ஜிலிப்சியில், இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி அமைவுகள் உள்ளன. இவற்றின் மூலக்கோப்பு மொழியியலாளர் படித்தறியக்கூடிய எளிய பனுவலே. நூறாயிரத்தை 1,00,000 என மூன்றும் இரண்டுமாகப் பகுக்கும் இந்திய முறையும் அக்கோப்பிலேயே பதிவு பெறுகிறது. ஆயினும் மூலக்கோப்பு அப்படியே பயன்படாது. அதனை இருநிலை வடிவமாக்க வேண்டும். அவ்வடிவம் கருவியின் பைட்டு வரிசையைச் சார்ந்ததாகையால் அதனையும் அயற்பொறிக்கென்றே ஆக்க வேண்டும். உலக மொழிகள் அனைத்தின் அமைவுகளையும் சேர்த்தால் கோப்பு நூறு மெகாபைட்டைத் தாண்டிவிடும். இதற்கு அஞ்சி அனைத்தையும் நீக்கிவிடுவது வழக்கமாயிற்று. தமிழ், தெலுங்கு என்னும் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ள இடம் மிகக் குறைவாகவே தேவைப்படும் என்பது பலராலும் எண்ணிப் பார்க்கப்படுவதில்லை.

சிறு கருவிகளுக்கென எழுந்த யூசிலிப்சியிலும் அதன் வழித்தோன்றலான யூசிலிப்சி-என்ஜியிலும் அகல எழுத்து வசதி ஒரு தேர்வு. வட்டார அமைவு இன்னொரு தேர்வு. முன்னதின்றிப் பின்னது இயங்காது. நியூலிப் என்னும் நூலகத்தில் பல்பைட்டு எழுத்துக்கும் குறியேற்ற மாற்றத்திற்கும் வெவ்வேறு தேர்வுகள் உண்டு. 2011இல் வெளிவந்த மஸ்ல் நூலகம் வேறு நெறியைப் பின்பற்றியது. யூடிஎஃப்-8 குறியேற்றம் அதில் இயல்பாகவே அமைந்தது. அதனை நீக்கத் தேர்வில்லை. ஆனால் மொழிவாரியான வரிசைமுறையை அதன் 1.2 வரிசைப் பதிப்புகள் கைக்கொள்ளவில்லை. அவற்றில் சொற்களின் ஒப்பீடு பைட்டு ஒப்பீடே.

4. எண்ணிக்கை

'திருமலை' என்னும் சொல்லையே சான்றாகக் கொள்ளலாம். தமிழிலக்கணப்படி இதில் நான்கு எழுத்துகள்: தி, ரு, ம, லை. யூனிகோடில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி எண் உண்டாதலால் ஏழு குறியெண்கள். யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டு. ஆக இருபத்தொரு பைட்டுகள். அகல எழுத்து வசதியற்ற நூலகம் 21 என்றே விடை கூறும். அவ்வசதியுள்ள நூலகம் 7 எனக் கூறும். எந்தச் சி நூலகமும் தானாக 4 எனக் கூறுவதில்லை. அது மேலடுக்கின் பணி. இருபது பைட்டு அகலமுள்ள புலத்தில் இச்சொல்லை அடைத்தால் 'திருமல' என்பதும் பொருளற்ற இரண்டு பைட்டுகளும் எஞ்சும்.

அகல எழுத்து வசதி இருந்தும் சிக்கல்கள் எஞ்சுகின்றன. யூனிகோடு வரையறுக்கும் 'எழுத்தாந்தன்மை' உயிர்க்குறிகளுக்கு உண்டு, புள்ளிக்கு இல்லை. அவ்வரையறையை மட்டும் நம்பிச் சொற்பிரிப்புச் செய்யும் நிரல் 'கல்வெட்டு' என்பதை லகரத்தின் பின் உடைத்துவிடும். இகரக் குறி இடங்கொள்ளும் குறியென்றும் ஈகாரக் குறி இடங்கொள்ளாக் குறியென்றும் யூனிகோடு பகுத்திருப்பது தமிழாசிரியர்க்கு வியப்பளிக்கக்கூடும். பத்திகளின் அகலத்தைக் கணிக்கும் நிரல்கள் அப்பகுப்பையே பின்பற்றுகின்றன.

5. வரிசை

வட்டார அமைவு இல்லாதபோது நூலகம் பைட்டு மதிப்பைக் கொண்டே சொற்களை வரிசைப்படுத்தும். யூடிஎஃப்-8 வடிவில் பைட்டு வரிசையும் குறியெண் வரிசையும் ஒன்றே. எனவே வினா இவ்வாறு மாறுகிறது: யூனிகோடின் குறியெண் வரிசை யாருடைய அகரவரிசை?

யூனிகோடின் இந்திய எழுத்துப் பகுதிகள் 1988ஆம் ஆண்டின் இஸ்கி குறியேற்றத்தை அடியொற்றியவை. இந்திய எழுத்துகள் அனைத்திற்கும் ஒரே பொதுச் சட்டகத்தை இஸ்கி வகுத்தது. அச்சட்டகம் நாகரி வரிசையைத் தழுவியது. தமிழுக்கே சிறப்பாக உரிய இடமுறை கொண்ட எழுத்துகள் அதில் தத்தம் உறவெழுத்துகளின் அருகே அமர்த்தப்பெற்றன. நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும், சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையே ஜகரம் என அவை நிற்கின்றன. தமிழ் மரபிலோ யகரம் தொடங்கி ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதே முறை. 'அன்னம்' 'அமுது'க்கு முன் வருவதும், 'விளக்கு' 'விழா'வுக்கு முன் வருவதும் இதனாலேயே.

புள்ளியின் இடம் இன்னும் கருதத்தக்கது. குறியெண் வரிசையில் புள்ளி ஔகாரக் குறிக்கும் பின்னால் உள்ளது. தமிழ் அகராதிகளில் ட் என்னும் மெய் ட என்னும் உயிர்மெய்க்கு முன்னது. ஆதலால் 'பட்டர்' முன்னும் 'படி' பின்னும் வரும். தெலுங்கு மரபு இதற்கு நேர்மாறானது. கூட்டெழுத்துகள் உயிரேறிய எழுத்துகளுக்குப் பின்னரே இடம்பெறும். கோயிலைக் குறிக்கும் 'குடி' என்னும் தெலுங்குச் சொல்லும், துணியைக் குறிக்கும் 'குட்ட' என்னும் சொல்லும் (தமிழெழுத்தில் காட்டினால் ஒலிப்பு வேறுபாடு மறைகிறது) தெலுங்கு அகராதிகளில் அதே முறையில் நிற்பவை. பைட்டு வரிசையும் அவற்றை அவ்வாறே நிறுத்தும். சில எழுத்துகள் நீங்கலாகத் தெலுங்கு வரிசை பைட்டு வரிசையோடு இயைந்து போவதால், தெலுங்கறிந்த ஒருவர் கருவியைச் சோதித்தால் குறை எதுவும் அவர் கண்ணில் படாது. அவர் கவனக் குறைவுடையவர் என்பதன்று. 'அமைவு ஏதுமில்லை' என்னும் நிலை எல்லா மொழிகளுக்கும் பொதுவான நடுநிலைபோலத் தோன்றுவதே இங்கு மயக்கத்தை விளைவிக்கிறது.

இம்மயக்கம் பெயர்களாலும் வளர்கிறது. 2022இல் வெளிவந்த ஜிலிப்சியின் 2.35ஆம் பதிப்பு, சி மொழியின் அடிப்படை அமைவையும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தையும் இணைத்த ஓர் அமைவைத் தந்தது. யூடிஎஃப்-8 என்னும் பெயரைக் கண்டு தமிழுக்கு வேண்டியவை அனைத்தும் அதிலுள்ளன என்று கொள்வோர் உளர். எழுத்தை அடையாளம் காண அது உதவும். வரிசையோ குறியெண் வரிசையே.

2018இல் வந்த 2.28ஆம் பதிப்பு ஐஎஸ்ஓ 14651 தரத்தின் 2016ஆம் ஆண்டு வடிவத்தைத் தழுவியது. அத்தரத்தின் பொது அட்டவணையில் தமிழ் மெய்கள் மரபு முறையிலேயே, கிரந்த எழுத்துகள் னகரத்தின் பின்னர் வருமாறு, அமைந்துள்ளன. புள்ளியோ அங்கும் உயிர்க்குறிகளுக்குப் பின்னதாகவே வைக்கப்பட்டுள்ளது. ஆகவே பொது அட்டவணையால் 'அமுது', 'விழா' ஆகியவை தத்தம் இடத்தை அடையும். 'பட்டர்' அடைவதற்கு, புள்ளியேறிய மெய் ஒவ்வொன்றையும் தனி அலகாகக் கொள்ளும் தமிழுக்குரிய திருத்தம் வேண்டும். இந்தப் பதிப்பு மாற்றத்தால், பழைய வரிசையில் அடுக்கி வைத்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களின் சுட்டிகளை மீண்டும் கட்ட நேர்ந்தது. எழுத்தொன்றின் இடம் மாறினால் முன்பு கிடைத்த சொல் தேடலில் கிடைக்காமற் போகலாம் என்பதற்கு இது சான்று.

6. பழைய குறியேற்றம்

1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர் இணைந்து உருவாக்கியது டிஸ்கி என்னும் தமிழ்க் குறியேற்றம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால மின்னூல்கள் இதில் அமைந்தவை. டிஸ்கியில் 'கொ' என்பது ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என்னும் எழுதுமுறை வரிசையில் பதியப்படும். யூனிகோடில் ககரமும் அதன்பின் ஒகரக் குறியும். எனவே மாற்றம் என்பது எண்ணுக்கு எண் வைப்பதன்று, இடமாற்றமும் வேண்டும். ஜிலிப்சியில் இதற்கான மாற்றி 2002 முதல் உள்ளது. அது நூலகத்தின் உடலில் இல்லை. வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் தனிக்கோப்பு. இடச் சிக்கனம் கருதிக் களையப்படும் கோப்புகளில் இதுவும் ஒன்றாகிவிடுகிறது. மஸ்ல் நூலகத்தில் இம்மாற்றி இடம்பெறவில்லை. பழைய தமிழ்க் கோப்புகளைத் திறக்க வேண்டிய கருவியெனின் இதனைக் கட்டமைப்பின்போதே கேட்டுப் பெற வேண்டும்.

7. நடைமுறை

சிறு நூலகமே தவிர்க்க முடியாததாயின், சொல்லடைவை மேசைக் கணிப்பொறியிலேயே தமிழ் முறைப்படி வரிசைப்படுத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசையெண் இட்டுக் கருவியில் ஏற்றலாம். புதிய சொல் சேராத கல்வெட்டுச் சொல்லடைவுக்கு இது போதும். பயனர் சொல் சேர்க்கும் அகராதிக்குப் போதாது. அங்கு வட்டார அமைவு இன்றியமையாதது. தமிழும் தெலுங்கும் ஒரே நிரலில் தத்தம் மரபுப்படி நிற்க வேண்டுமெனில், நிரல் முழுமைக்கும் ஓர் அமைவு என்னும் பழைய முறையை விட்டு, ஒவ்வோர் ஒப்பீட்டிற்கும் உரிய அமைவைக் குறிப்பிடும் முறையைக் கையாளலாம். 2008ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரம் இதற்கு வழி செய்துள்ளது.

கட்டுபவரிடம் மொழியியலாளர் தர வேண்டிய சோதனைத் தாள் நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. அமுது, அன்னம், பட்டர், படி, விழா, விளக்கு என்னும் ஆறு சொற்கள் இம்முறையிலேயே வெளிவருகின்றனவா என்பதும், 'திருமலை' இருபது பைட்டுப் புலத்தில் சிதைகிறதா என்பதும் தமிழுக்குப் போதிய தொடக்கம். தெலுங்குத் தாளில், பழைய அகராதிகள் ஹகரத்திற்குப் பின் வைக்கும் ளகரத்தையும் வல்லின றகரத்தையும் கொண்ட சொற்கள் இடம்பெற வேண்டும். பைட்டு வரிசை தெலுங்கிலும் பிறழும் இடங்கள் அவை.