நள்ளிரவில் மறைந்த மாலுமி!
கப்பல் நஷ்டஈட்டு வழக்கு சொல்லும் பாடம்

ஒலக்கூரில் கடல் இல்லை. ரயில் நிலையம் உண்டு. வயல் உண்டு. அலையைப் பார்க்க வேண்டுமானால் மரக்காணம் பக்கம் போக வேண்டும்.

ஆனால், கப்பல் வேலைக்குப் போகிறவன் கடலோரத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பது இல்லை. திண்டிவனம் பக்கத்துப் பிள்ளையும் மாலுமி ஆகலாம். போன இடத்தில் கை ஒடிந்தால், கண் போனால், உயிரே போனால் பணம் கொடுப்பது யார்?

முதலாளிதான் கொடுக்க வேண்டும். 1923-ம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. கப்பல் தொழிலாளரும் அதில் அடக்கம். ஆனால் ஒரு நிபந்தனை. வேலையில் இருக்கும்போது, அந்த வேலையின் காரணமாக நேர்ந்த விபத்தாக இருக்க வேண்டும். சண்டை எல்லாம் இந்த இடத்தில்தான்.

எங்கே போனார்?

1961-ம் ஆண்டு டிசம்பர் மாதம். "துவாரகா" என்ற கப்பல் பாரசீக வளைகுடாப் பக்கம் போய்க்கொண்டு இருந்தது. அதில் ஒரு தளத் தொழிலாளி நெஞ்சு வலிக்கிறது என்றார். சோதித்தார்கள். கோளாறு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, தூக்கமும் வரவில்லை என்றார். மாத்திரை கொடுத்தார்கள்.

16-ந் தேதி அதிகாலை 2.30 மணிக்கு, கேப்டன் நின்று கப்பலை நடத்தும் மேடை அருகே அவரைப் பார்த்தார்கள். திருப்பி அனுப்பினார்கள். 3 மணிக்கு, "படுக்கப் போகிறேன்" என்று இன்னொரு மாலுமியிடம் சொன்னார்.

காலை 6.15 மணிக்கு அவரைக் காணோம்! கப்பல் முழுவதும் தேடினார்கள். "ஆற்றில் விழுந்திருக்கலாம். எல்லாக் கப்பல்களும் கவனிக்கவும்" என்று ரேடியோவில் செய்தி போயிற்று. உடல் கிடைக்கவே இல்லை.

தந்தையின் வழக்கு

மகனைப் பறிகொடுத்த தந்தை நஷ்டஈடு கேட்டார். விசாரித்த கமிஷனர் கப்பலுக்கே போய்ப் பார்த்தார். தளத்தின் ஓரத் தடுப்பு மூன்றரை அடிக்கு மேல் இருந்தது. அவர் விழுந்ததைப் பார்த்தவர் இல்லை. புயல் இரவு என்பதற்கும் சாட்சியம் இல்லை. மனு தள்ளுபடி ஆயிற்று.

பம்பாய் ஐகோர்ட்டு தந்தையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனியின் ஏஜெண்டுகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1969-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. "நேரில் பார்த்த சாட்சி இல்லாமல் போகலாம். சூழ்நிலையை வைத்தும் முடிவுக்கு வரலாம். ஆனால் வெறும் ஊகம் போதாது. நிரூபிக்கும் பொறுப்பு நஷ்டஈடு கேட்பவருக்கே" என்பது தீர்ப்பின் சாரம்.

நடுக்கடலில் நடப்பதற்கு ஊர் சாட்சி கிடையாது. கப்பலின் குறிப்புப் புத்தகமும் மருத்துவக் குறிப்பும்தான் சாட்சி. அவற்றை எழுதுகிறவர்களும் கப்பலைச் சேர்ந்தவர்களே!

கை போனால் எவ்வளவு?

உயிர் தப்பினாலும் தகராறு தீராது. எந்த உறுப்பு போனால் எத்தனை சதவீதம் என்று சட்டத்தில் பட்டியல் இருந்தது. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். கம்பெனி டாக்டர் ஒன்று சொல்வார். காயம்பட்டவரின் டாக்டர் வேறு சொல்வார்.

கரையில் நடந்த ஒரு வழக்கு இதற்கு வழிகாட்டியது. தச்சர் ஒருவர் சினிமாக் கொட்டகை வேலையில் விழுந்து இடது கையை இழந்தார். "ஒரு கைதானே போயிற்று" என்று முதலாளி வாதாடினார். 1975-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது. ஆகவே முழு ஊனமே என்றது. பணம் தரும் கடமை விபத்து நடந்த நாளிலேயே தொடங்குகிறது என்றும் சொன்னது.

இன்றைய நிலை

1923-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. நஷ்டஈடு அதிலும் உண்டு. நஷ்டஈடு கேட்பவர் தாம் குடியிருக்கும் பகுதி அதிகாரியிடம் மனு கொடுக்கலாம் என்ற வழி 1995-ல் திறந்தது. புதிய சட்டத்திலும் அது இருக்கிறது.

மாலுமிகளுக்கென்று உலக ஒப்பந்தமும் உண்டு. இந்தியா 2015-ல் அதை ஏற்றது. மரணத்துக்கும் நீண்டகால ஊனத்துக்கும் தரவேண்டிய பணத்துக்குக் கப்பல் முதலாளி முன்கூட்டியே ஈடு காட்ட வேண்டும் என்ற விதி 2017-ல் அமலுக்கு வந்தது. ஒப்பந்தத் தொகைக்குக் குறைவாக வாங்கிக்கொள்ளும்படி மாலுமியை நெருக்கக் கூடாது.

மறக்காதீர்கள்!

கப்பலில் அடிபட்டால், எத்தனை சிறிய காயமானாலும், அன்றே கப்பல் குறிப்பில் எழுதச் சொல்ல வேண்டும். மருத்துவச் சீட்டின் நகலை வாங்க வேண்டும். கூட இருந்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். "கணக்குத் தீர்ந்தது" என்ற தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

மகன் கப்பலுக்குப் புறப்படும்போது தாய் ஊறுகாய் கட்டிக் கொடுப்பாள். தந்தை ஒன்று கேட்டு வாங்கி வைக்கட்டும். அது வேலை ஒப்பந்தத்தின் நகல். ஆபத்துக் காலத்தில் அந்தக் காகிதம்தான் வீட்டாருக்காகப் பேசும்.