தண்ணீருக்கும் ஐந்தொகை வேண்டும்

நமது ஏலாக்குறிச்சிக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடம் எவ்வளவு தூரத்துக்குக் குடிநீர் கொடுக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகும் தண்ணீர், 2004 முதல் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னையைச் சேர்கிறது. திட்ட அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். இத்தனை தூரம் போகும் சரக்குக்கு ஏற்றுகூலி எவ்வளவு, வழியில் சேதாரம் எவ்வளவு என்று கேட்பது வியாபாரிகளாகிய நமக்குப் பழக்கம். குடிநீர் விஷயத்தில் மட்டும், "இத்தனை லிட்டர் இறைத்தோம், இத்தனை குழாய் போட்டோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது கொள்முதல் கணக்குதானே? விற்ற கணக்கு எங்கே?

2007இல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகமும் ஆசிய வளர்ச்சி வங்கியும் சென்னை உட்பட 20 நகரங்களின் குடிநீர்க் கணக்கை எடுத்து வெளியிட்டன. சராசரியாக 100 லிட்டரில் 32 லிட்டருக்குக் காசு வரவில்லை. கசிவு, திருட்டு இணைப்பு, பில் போடாமல் விட்டது எல்லாம் அதில் அடக்கம். இணைப்புகளில் கால்வாசிக்குத்தான் மீட்டர் இருந்தது. தராசு இல்லாத கடையில் எடைக் குறைவை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த 32கூட பெரும்பாலும் மதிப்பீடுதான். மறு ஆண்டு அமைச்சகம் வகுத்த அளவுகோலில் இழப்பு 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், எல்லா இணைப்புக்கும் மீட்டர் வேண்டும் என்றும் சொல்லப்பட்டது.

இழப்பில் போவது தண்ணீர் மட்டுமல்ல. ஆயிரம் லிட்டரை 100 மீட்டர் உயரம் ஏற்ற, மோட்டாரும் பம்பும் சேர்ந்து 60 சதவீதத் திறனில் ஓடினால், சுமார் 0.45 யூனிட் மின்சாரம் ஆகும். அதில் 32 சதவீதம் கணக்கில் வராமல் போனால், காசு வந்த ஆயிரம் லிட்டருக்கு 0.66 யூனிட் விழுகிறது. பழைய பம்பாக இருந்தால் இன்னும் கூடும்.

திறமையை ஒப்பிட ஒரு முறையை 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற மூவர் வகுத்தனர். நம் பாஷையில் சொன்னால், ஒரே அளவு விற்பனை செய்யும் கடைகளில் குறைந்த ஆள், வாடகை, கரண்டில் நடத்துகிற கடை எதுவோ, அதை வைத்து மற்றக் கடைகளை அளப்பது. குடிநீர் நிறுவனங்களுக்கு இதைப் பயன்படுத்தும்போது, பிற்கால ஆய்வாளர்கள் கசிவையும் ஒரு கெட்ட விளைச்சலாகச் சேர்த்தார்கள். இது முக்கியமான திருத்தம் என்பது நமது கருத்து. ஏனெனில் பணக்கணக்கை மட்டும் பார்த்தால், ஆற்றுத் தண்ணீர் மலிவு, குழாய் மாற்றுவது செலவு. ஒழுக விடுவதே லாபம் என்று வந்துவிடும். கோடையில் கொள்ளிடத்து மணலில் நீர்மட்டம் இறங்குவது எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதப்படுவதில்லை.

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் 1993இல் இழப்பு 72 சதவீதம். எல்லோருக்கும் மீட்டர் வைத்து, ஒழுகும் குழாய்களை மாற்றி, பெரிய மனிதர்களிடமும் தயவின்றி வசூலித்தார்கள். 2010 வாக்கில் அது சுமார் 6 சதவீதமாக இறங்கியது. 24 மணி நேரமும் தண்ணீர் வருகிறது. நம்மைவிட வசதியான ஊர் என்று சொல்ல முடியாது. உள்நாட்டுப் போரில் நொறுங்கிக் கிடந்த ஊர் அது.

நம் ஊராட்சிகளிலும் கணக்குப் போட நிபுணர் வேண்டியதில்லை. 30,000 லிட்டர் தொட்டியை டேங்க் ஆபரேட்டர் நாளைக்கு இரண்டு தடவை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 36 லட்சம் லிட்டர், அதாவது 3,600 ஆயிரம் லிட்டர். அந்த இரண்டு மாத மின் யூனிட்டை 3,600ஆல் வகுத்தால், ஆயிரம் லிட்டருக்கு எவ்வளவு என்று வந்துவிடும். 2022க்குப் பிறகு மார்ச் 22ஆம் தேதி தண்ணீர் தினத்திலும் கிராம சபை உண்டு. உறுப்பினர்கள் அங்கே இந்த எண்ணைக் கேட்டு வாங்கி வந்தால், ஏறக்குறைய அதே ஆழத்தில் போர் போட்டிருக்கும் பக்கத்து ஊராட்சிகளின் எண்ணோடு நம் சங்கக் கூட்டத்தில் ஒத்துப் பார்க்கலாம்.